ஜாவா மலைக் கிராமத்துல சம்பந்தி வீட்டை ஒட்டி நிலம் வருது, வாங்கலாமா, இல்ல போய் தங்கிட்டு மட்டும் வரலாமா?

நங்கநல்லூர்வாசி:

வணக்கம் மக்களே, கதை கொஞ்சம் பெருசு, பொறுமையா படிச்சிட்டு பதில் போடுங்க.

என் தம்பி சிங்கப்பூர்ல வேலை பாக்கறான். அங்க கூட வேலை பாத்த இந்தோனேசியப் பொண்ணையே கட்டிக்கிட்டான். ஆரம்பத்துல வீட்ல எல்லாரும் மூஞ்சைத் தூக்கி வச்சிருந்தாங்க, இப்போ எங்கம்மாவுக்கு என்னைவிட அந்தப் பொண்ணுதான் செல்லம், அது வேற விஷயம். பொண்ணோட ஊர் நடு ஜாவாவுல வோனோசோபோ ஜில்லா, டியெங் பீடபூமிக்கு ஏறற வழியில ஒரு கிராமம். சம்பந்தி உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் போடறார். வீடியோ கால்ல பாத்தா ஊட்டி பக்கம் கேத்தி பள்ளத்தாக்கை எடுத்து வச்ச மாதிரியே இருக்கு, பின்னாடி சிந்தோரோ எரிமலை வேற நிக்குது.

மேட்டர் என்னன்னா அவர் நிலத்தை ஒட்டி ஒரு துண்டு புஞ்சை விலைக்கு வருது. 1400 சதுர மீட்டர், நம்ம கணக்குல 35 சென்ட் கிட்ட. மேடவாக்கத்துல ஒரு கிரவுண்டு வாங்கற காசுல பாதி கூட ஆகாது. தம்பியும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி பின்னாடி ஒரு சின்ன வீடு கட்டிக்கலாம்னு யோசனை. சம்பந்தி சொல்றார், "உங்க பேர்ல வராது, என் பேர்ல போட்டுக்கலாம், நமக்குள்ள ஒரு பேப்பர் எழுதி வச்சுக்கலாம்"னு. மனுஷன் தங்கம், அதுல சந்தேகமே இல்ல. ஆனாலும் காசு விஷயம்.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை அம்மாவைக் கூட்டிட்டு போய் ஒரு ரெண்டு வாரம் தங்கிட்டு வரலாம்னு இருக்கோம். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி வேற. அந்த மாதிரி கிராமத்துல இருந்தவங்க, இல்ல நில விவகாரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

போரூர் சிங்காரம்:

அண்ணே செய்யூர் பக்கம் வாங்கிப் போட்டா வாரா வாரம் பைக்ல போய் வேலி இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரலாம். இது வேலியைப் பாக்கவே பாஸ்போர்ட் வேணுமே.

அம்பத்தூர் ஸ்பின்னர்:

நான் ஸ்பின்னிங் மில் ஆளு, சோலோ பக்கம் மில்லுல ரொம்ப காலம் குப்பை கொட்டினவன். ஜாவாவுல நூல் மில்லுக்குப் போன தமிழ் ஆளுங்க நிறைய பேர், அதுல அங்கயே கல்யாணம் பண்ணி செட்டில் ஆனவங்களும் உண்டு, அதனால இந்த நிலப் பஞ்சாயத்து நிறைய பாத்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. உங்க சம்பந்தி சொல்றது பினாமி. அங்க நாமினின்னு டீசன்ட்டா பேர் வச்சுக்கறாங்க, சமாச்சாரம் ஒண்ணுதான். அவங்க அடிப்படை நிலச் சட்டம் 1960ல வந்தது. ஹக் மிலிக்னு சொல்ற முழு உரிமைப் பட்டா இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். அதே சட்டத்துல 26வது பிரிவு, வெளிநாட்டுக்காரனுக்கு நேரடியாவோ சுத்தி வளைச்சோ நிலத்தை மாத்தறதுக்காக எந்தக் கிரையம் போட்டாலும் செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போயிடும், குடுத்த காசையும் திருப்பிக் கேக்க முடியாதுன்னு இருக்கு. "நமக்குள்ள ஒரு பேப்பர்"னு அவர் சொல்றாரே, அந்தப் பேப்பரை நீங்க கோர்ட்ல நீட்டினா உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பாலியில டிரைவர் பேர்ல இடம் வாங்கி வீடு கட்டினார். டிரைவர் நல்லவர்தான், கடைசி வரைக்கும் நல்லவராவே இருந்து செத்தும் போனார், அப்புறம் பசங்க வந்து "எங்கப்பா நிலம், நீங்க யாரு"ன்னாங்க. அவ்ளோதான், முடிஞ்சது.

சம்பந்தி தங்கம்னு சொல்றீங்க, சரி. ஆனா அவருக்கு உங்க தம்பி பொண்டாட்டி மட்டும்தான் பிள்ளையா, வேற அண்ணன் தம்பி இருக்காங்களா? அதைத்தான் நீங்க யோசிக்கணும்.

அடுத்து "அப்போ தம்பி மனைவி பேர்லயே போட்டா?"ன்னு கேப்பீங்க. இங்கதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கற சொத்து ரெண்டு பேருக்கும் பொது. புருஷன் வெளிநாட்டுக்காரன், அப்போ பாதி சொத்து வெளிநாட்டுக்காரனுக்குன்னு ஆகுது, அதனால அந்தப் பொண்ணாலயே ஹக் மிலிக் வச்சுக்க முடியாத நிலைமை. ஒரு வருஷத்துக்குள்ள கைமாத்தணும்னு சட்டம் சொல்லுது. தப்பிக்க வழி பெர்ஜன்ஜியான் காவின், அதாவது உன் சொத்து உனக்கு என் சொத்து எனக்குன்னு ஒரு கல்யாண ஒப்பந்தம். முன்னாடி இதைத் தாலி கட்டறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். 2016ல அவங்க அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து கல்யாணத்துக்கு அப்புறமும் நோட்டாரிஸ் கிட்ட போய் போடலாம், பதிவும் பண்ணணும். கல்யாணம் சிங்கப்பூர்ல நடந்திருந்தா அதை முதல்ல இந்தோனேசியாவுல பதிவு பண்ணியாச்சான்னு பாருங்க.

அதோட முடியல. விவசாய நிலத்துக்கு இன்னொரு கொக்கி இருக்கு, 1961ல இருந்தே. நிலம் எந்த கெசமாத்தான்ல இருக்கோ, கெசமாத்தான்னா நம்ம தாலுகா மாதிரி வச்சுக்கோங்க, அங்க குடியிருக்கறவங்கதான் வயல் வச்சுக்கலாம். ஜகார்த்தாக்காரனே வந்து வோனோசோபோவுல வயல் வாங்க முடியாது சட்டப்படி. பொண்ணோட அடையாள அட்டை விலாசம் இன்னும் அந்த ஊர்லயே இருந்தா பத்திரம் எழுதறவர் கண்டுக்க மாட்டார், ஆனா ஆள் வருஷக்கணக்கா சிங்கப்பூர்ல இருக்கறப்போ அது பேப்பர்ல மட்டும்தான் சரி.

ஹக் பாக்காய்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு இருக்கு, 2021 விதிப்படி 30 வருஷம், அப்புறம் 20 நீட்டிப்பு, அப்புறம் 30 புதுப்பிப்பு. ஆனா அது குடியிருக்க வீட்டுக்கு, கிழங்குக் காட்டுக்கு இல்ல. அதுக்கான குடியேற்றப் பேப்பர் வேணும், வீடும் ஒரு குறைஞ்சபட்ச விலைக்கு மேல இருக்கணும். பாலி, ஜகார்த்தாவுல தனி வீட்டுக்கு அந்த விலை 500 கோடி ருபியா, நம்ம காசுல ரெண்டரைக் கோடிக்கு மேல. உங்க 35 சென்ட் அந்த லீக்லயே வராது.

மாம்பலம் ஆடிட்டர்:

ஸ்பின்னர் சார் அந்தப் பக்கம் சொல்லிட்டார், நான் இந்தப் பக்கம் சொல்றேன், சுருக்கமா.

நீங்க சென்னையில இருக்கீங்க, அப்போ காசு எல்ஆர்எஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற திட்டம், அது வழியாத்தான் போகணும். வருஷத்துக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுமதி, வெளிநாட்டுல வீடு நிலம் வாங்கறதும் அதுல அடக்கம்தான். 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிக்கும், ரிட்டர்ன்ல அட்ஜஸ்ட் ஆகும், ஆனா அதுவரைக்கும் காசு மாட்டிக்கும்.

சிக்கல் எங்கன்னா உங்க வருமான வரி ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்தைக் காட்டணும். பேர் வேற யார்து இருந்தாலும் பலன் உங்களுதுன்னா காட்டணும். காட்டலைன்னா 2015 கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம். சின்ன தொகைக்கு 2024ல ஒரு சலுகை குடுத்தாங்க, அதுல அசையாச் சொத்து சேராது. அப்போ பாருங்க, காட்டினா "இது பினாமி"ன்னு இந்தோனேசியாவுக்கு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி, காட்டலைன்னா இங்க மாட்டுவீங்க. ரெண்டு பக்கமும் இடி.

தம்பி என்ஆர்ஐ, அவர் சிங்கப்பூர் சம்பளத்துல என்ன பண்ணாலும் எல்ஆர்எஸ்ஸும் கிடையாது, ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்தைக் காட்டற வேலையும் கிடையாது. பண்றதா இருந்தா அவர் மட்டும் பண்ணட்டும். நீங்க பாதி போடறேன்னு நடுவுல போகாதீங்க. தம்பி மாமனாருக்கு மனசாரக் குடுக்கறீங்களா, கிஃப்ட்டுன்னு அனுப்பிட்டு மறந்துடுங்க, அது தனி.

நங்கநல்லூர்வாசி:

அடப்பாவிங்களா, ராத்திரி தூக்கம் போச்சு. ஆனா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பொண்ணுக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க ஸ்பின்னர் சார், நீங்க கேட்டதும்தான் உறைச்சது.

வாங்கறது வேணாம்னா ஒத்தி மாதிரி ஏதாவது உண்டா அங்க? சம்பந்தி ஏதோ கடாய் கடாய்னு சொன்னார், நான் வாணலியைச் சொல்றாரோன்னு நெனச்சிட்டு இருந்தேன். அம்மா மேட்டர் யாரும் சொல்லலையே?

பெரம்பூர் அக்கா:

அம்மா மேட்டர் நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்கு செமாராங்ல போஸ்டிங், அங்க எதிர் வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க கிராமத்துக்குப் போய் தங்கினேன், அதுவும் டியெங் கீழதான்.

குளிர். அதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. டியெங் மேல 2000 மீட்டர் உயரம், இந்தோனேசியான்னா வெயிலுன்னு காட்டன் புடவையோட போயிடாதீங்க. ஜூலை ஆகஸ்ட்ல விடியக்காலையில தரையில வெள்ளையா உறைபனி விழும், ஒரே ராத்திரியில கிழங்குச் செடி கருகிடும். அங்க யாரும் ஹால்ல உக்கார மாட்டாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் நேரா சமையல்கட்டுதான், நடுவுல கரி அடுப்பு, சுத்தி குட்டி குட்டி ஸ்டூல், எல்லாரும் கையைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கு அந்த ஊர்ல பிடிச்ச இடமே அதுதான். ஒரு வார்த்தை பாஷை தெரியாது, ஆனா அந்த அடுப்புக்கிட்ட உக்காந்தே பொழுது போயிடும், பாட்டி கையில ஒரு கிழங்கை சுட்டுக் குடுத்துட்டு நம்ம சாப்பிடறதையே பாத்துட்டு இருப்பாங்க. டீயில சர்க்கரை அள்ளிக் கொட்டுவாங்க, அம்மாவுக்கு சுகர் இருந்தா முன்னாடியே மருமக கிட்ட சொல்லி வைங்க. குடிங்கன்னு அவங்க சொல்லாம டம்ளர்ல கை வைக்காதீங்க, சொன்னதுக்கு அப்புறம் குடிக்காமலும் இருக்காதீங்க.

சாப்பாடு நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. தெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி), தோஃபு தினம் உண்டு, தெம்பே கெமுல்னு மஞ்சள் போட்ட மாவுல முக்கிப் பொரிச்சுத் தருவாங்க, சூடா இருக்கறப்போ நம்ம பஜ்ஜி கடையையே மறந்துடுவீங்க. ஆனா சம்பல்ல தெராசி இருக்கும், இறால் விழுது. கீரை வேக வச்சுக் கடலை சட்னி ஊத்தற பெச்செல்லயும் சில வீட்ல போடுவாங்க. வோனோசோபோ ஸ்பெஷல் நூடுல்ஸ் மீ ஓங்க்லோக், அதுல உலர் இறால். "சைவம்"னு பொதுவா சொன்னா கறித்துண்டை மட்டும் எடுத்துட்டுத் தருவாங்க, தெராசி வேண்டாம்னு பேர் சொல்லியே சொல்லணும். நான் ஒரு குட்டி குக்கரும், புளிக்காய்ச்சலும், பருப்புப்பொடியும் கொண்டு போயிட்டேன், ராஜா வாழ்க்கை.

கக்கூஸ் குந்தற டைப்புதான் கிராமத்துல. முழங்கால் வலிக்கு மடக்கு கமோட் சேர் இருக்கு பாருங்க, மெடிக்கல் கடையில கிடைக்கும், அதைச் செக் இன் லக்கேஜ்ல போடுங்க, வெக்கமே படாதீங்க. குளிக்கத் தொட்டியும் சொம்பும், நமக்குப் பழக்கம்தான், தண்ணி மட்டும் ஐஸு. கரெண்ட் ப்ரீபெய்ட் மீட்டர், 20 இலக்க டோக்கன் நம்பர் வாங்கி வாசல் மீட்டர்ல அடிக்கணும். காசு தீரப்போகுதுன்னா அது பீப் பீப்னு கத்த ஆரம்பிக்கும், அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும், நம்ம ஹீட்டரைப் போட்டு அவங்க டோக்கனைக் காலி பண்ணிடக் கூடாது. கெய்சரைப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க.

போனதும் சம்பந்தியைக் கூட்டிட்டு ஆர்டி வீட்டுக்குப் போய் ஒரு வணக்கம் வச்சுடுங்க. ஆர்டின்னா அந்தத் தெருவுக்குப் பொறுப்பானவர். விருந்தாளி ஒரு ராத்திரி தங்கினாலே 24 மணி நேரத்துல சொல்லணும்னு வாசல்லயே போர்டு இருக்கும். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கொண்டு போங்க. அந்த வாரத்துல தெருவுல கல்யாணம் வந்தா உங்களையும் கூப்பிடுவாங்க, கவர் வைக்கணும், யார் எவ்ளோ வச்சாங்கன்னு நோட்டு போட்டு எழுதிக்குவாங்க, மதுரைக்காரங்களுக்குச் சொல்லியே தர வேணாம்.

விசா ஆன்லைன்லயே விசா ஆன் அரைவல் எடுத்துடலாம், 5 லட்சம் ருபியா, நம்ம ரூபாய்ல மூவாயிரத்துக்குள்ள. 30 நாள், ஒரு தடவை இன்னொரு 30 நீட்டலாம். தாண்டினா ஒரு நாளைக்கு 10 லட்சம் ருபியா ஃபைன், ஜாக்கிரதை. கோலாலம்பூர் மாறி ஜோக்ஜகார்த்தா போங்க, அங்கேர்ந்து கார்ல மலை ஏறணும், மூணு நாலு மணி நேரம் ஆகும், அம்மாவை ஒரு ராத்திரி ஜோக்ஜாவுலயே படுக்க வச்சுட்டு மறுநாள் ஏத்துங்க.

ராயபுரம் மாலுமி:

இவ்ளோ தூரம் போறதுக்கு சுமாத்ரா பக்கம் பாக்கலாமே ப்ரோ. மெடான்ல நம்ம ஆளுங்க பகுதியே இருக்கு, கம்போங் மெட்ராஸ், 1884ல கட்டின மாரியம்மன் கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில் கூட கோபுரம் வச்சு கட்டியிருக்காங்க. மேல பெராஸ்தாகி போனா அதே காய்கறித் தோட்டம், அதே குளிர். அங்க காரோ ஜனங்கள்ல செம்பிரிங் குலத்துல சோலியா, பாண்டியான்னு கிளை இருக்கு, கேட்டா புல்லரிக்குது.

அம்பத்தூர் ஸ்பின்னர்:

மாலுமி, புல்லரிச்சா கோயிலுக்குப் போய் கும்பிட்டுட்டு வாங்க, நிலம் வாங்க அது காரணம் இல்ல. சட்டம் அங்கயும் அதேதான். பெராஸ்தாகிக்குப் பின்னாடி சினாபுங் எரிமலை 2010ல முழிச்சு எத்தனை கிராமத்தைக் காலி பண்ண வச்சுதுன்னு அங்க இருக்கறவங்களைக் கேளுங்க. அவருக்கு சம்பந்தி வீடு ஜாவாவுல, அவரைச் சுமாத்ராவுக்குத் தள்ளாதீங்க.

நங்கநல்லூர் தம்பி, கடாய்னா ஒத்தியேதான். காசு குடுத்துட்டு நிலத்துல விளைச்சலை எடுத்துக்கணும், காசு திரும்பினா நிலம் திரும்பும். ஆனா 1960லயே ஒரு சட்டம் போட்டு, விவசாய நிலத்தை 7 வருஷம் ஒத்தி அனுபவிச்சாச்சுன்னா காசு வாங்காமலே நிலத்தைத் திருப்பிக் குடுத்துடணும்னு வச்சிருக்காங்க. அதாவது 7 வருஷத்துல நீங்க போட்ட காசை விளைச்சல்லயே எடுத்துட்டீங்கன்னு கணக்கு. நீங்க சென்னையில உக்காந்துட்டு எந்த விளைச்சலை எடுப்பீங்க? சம்பந்திதான் உழணும், அப்போ விளைச்சல்ல பாதிக்குப் பாதி பங்கு, அங்க மாரோன்னு சொல்வாங்க. கிழங்கு விலை விழுந்தா ரெண்டு பேருக்கும் நாமம்.

வாங்கறது சம்பந்தியாவே இருந்தாலும், அவர் காசுல அவருக்கே வாங்கினாலும், இதைப் பாக்கச் சொல்லுங்க. விக்கறவர் கையில என்ன பேப்பர் இருக்கு? மலைக் கிராமத்துல பாதிப்பேர் கிட்ட நில ஆபீஸ் சர்ட்டிபிகேட்டே இருக்காது, கிராம ஆபீஸ் பழைய ரிஜிஸ்தர் நகல், லெட்டர் சின்னு சொல்வாங்க, இல்ல வருஷ வரி ரசீது, அவ்ளோதான். வரி ரசீது பட்டா ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். 2021 விதியில அந்தப் பழைய பேப்பரையெல்லாம் 5 வருஷத்துக்குள்ள பதிவு பண்ணணும்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் அதை ஆதாரமா வச்சுப் பேச முடியாது. சர்ட்டிபிகேட் இருந்தா பிபிஎன்னு சொல்ற நில ஆபீஸ்ல குடுத்து சரிபார்க்கணும், அது நம்ம வில்லங்கம் போடற மாதிரி, பிபிஏடி எனப்படற பத்திர அதிகாரி முன்னாடிதான் கிரையம். வாங்கறவருக்கு 5 சதவீதம் வரி, விக்கறவருக்கு 2.5.

அப்புறம் அந்த 35 சென்ட் எந்த சரிவுல இருக்குன்னு போட்டோ இல்லாம நேர்ல பாருங்க. டியெங் சுத்தி கிழங்குக்காக மலை உச்சி வரைக்கும் மரத்தை வெட்டி செங்குத்தா பாத்தி போட்டிருக்காங்க. மழைக்கு மண்ணு அப்படியே இறங்கும். 2014 டிசம்பர்ல பக்கத்து ஜில்லா பஞ்சார்நெகாராவுல ஜெம்ப்லுங்னு ஒரு குக்கிராமமே மண்ணுக்குள்ள போச்சு. 1979ல டியெங்லயே சினிலா பள்ளத்துலேர்ந்து விஷ வாயு வந்து நூத்துக்கு மேல செத்தாங்க, ஓடிப்போன வழியிலயே விழுந்து கிடந்தாங்க. இதெல்லாம் ரியல் எஸ்டேட் வீடியோவுல வராது.

எனக்குக் கேட்டா, நிலத்தை மறந்துடுங்க. சம்பந்தி வீட்டுக்கு மேல ஒரு ரூம், ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் போட தம்பி காசு குடுக்கட்டும். வீடு அவங்களோடது, பத்திரம் அவங்களோடது, போறப்போ நமக்குப் படுக்க ஒரு இடம். சண்டை வந்தா இழக்கப்போறது ஒரு கக்கூஸ்தான்.

மாம்பலம் ஆடிட்டர்:

அந்தக் கக்கூஸுக்கு வரி கிடையாது, நான் உறுதி.

நங்கநல்லூர்வாசி:

தம்பி கிட்ட இதெல்லாம் படிச்சுக் காட்டினேன், அவன் ஸ்பீக்கர்ல போட்டுட்டான், அந்தப் பொண்ணு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுட்டு "நானே சொல்லலாம்னு இருந்தேன், அப்பா மனசு கஷ்டப்படும்னு சும்மா இருந்தேன்"னுது. கல்யாண ஒப்பந்தம் போடலையாம், கல்யாணத்தையே அங்க இன்னும் பதிவு பண்ணலையாம். முதல்ல அந்த வேலையை முடிக்கறதா சொல்லிட்டாங்க. நிலம் பெரிய அண்ணன் வாங்கறதா பேச்சு, நல்லதா போச்சு. மேல ரூம் ஐடியா அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, டைல்ஸ் கலர் வரைக்கும் போயிட்டாங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஸ்கூல் லீவு பாத்து மே போறதா, இல்ல டிசம்பரா? சம்பந்தி வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம்?

பெரம்பூர் அக்கா:

மே. டிசம்பர் அடைமழை, மலை ரோடு மூடினா ஜோக்ஜாவுலயே உக்காந்திருப்பீங்க. மே வந்தா மழை விட்டுட்டு இருக்கும், உறைபனியும் பெரும்பாலும் ஆரம்பிச்சிருக்காது. எப்போ போனாலும் லெபரான், அதாவது ரம்ஜான் பெருநாள் வாரத்துல மட்டும் டிக்கெட் போடாதீங்க, ஜாவாவே ஊருக்குக் கிளம்பும், ரோடு நகராது.

பொண்ணுங்களுக்கு தி.நகர் காட்டன் துப்பட்டா வாங்கிட்டு போங்க, தலையில போட்டுக்குவாங்க, ரொம்பப் பிடிக்கும். அவருக்கு நல்ல கம்பளி ஸ்வெட்டர். ஸ்வீட்டு நெய்யில செஞ்சதா பாத்து வாங்கி அக்கம்பக்கத்து வீட்டுக்கும் சேத்து கட்டுங்க, வந்த அன்னிக்கு சாயந்திரமே தெரு பூரா பங்கு போயிடும், ஒரு கிலோ பத்தாது. திரும்பி வர்றப்போ லக்கேஜ்ல இடம் விட்டு வைங்க, கரிகான்னு மலைப் பப்பாளிப் பழத்தைச் சர்க்கரைப் பாகுல போட்டு பாட்டில் பாட்டிலா கட்டித் தருவாங்க, வேணாம்னா கேக்க மாட்டாங்க. ஹேண்ட் லக்கேஜ்ல வச்சுடாதீங்க, பாகுன்னு ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க.